பாலத்துக்கு அங்கிட்டு பாதி விலை

அண்ணன் ஒரு டீயை நிம்மதியாகக் குடித்து நான் பார்த்தது ஜோகூரில் மட்டும்தான். சிங்கப்பூரில் அவர் டீ குடிக்கும் விதமே வேறு. கிளாஸை வாங்குவார், ஒரு வாய் உறிஞ்சுவார், மேஜையில் வைப்பார், கடைக்கு மேலே மாட்டியிருக்கும் விலைப்பட்டியலை அண்ணாந்து பார்ப்பார். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்புவார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். டீ போடும் சீனத்து அம்மாளுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன், அத்தனை முறை கேட்டிருக்கிறார்.

"தம்பி, இதே டீ பாலத்துக்கு அங்கிட்டு பாதி வெல."

பாலம் என்றால் சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூரையும் சேர்க்கும் பாலம். நீளம் ஒரு கிலோமீட்டர் இருக்கும். கீரனூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து எங்கள் வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். அந்தத் தூரத்தைத் தாண்டிவிட்டால் சோறு, சோப்பு, சவரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் பாதி விலை. சிலது அதற்கும் கீழே. இந்த ஒரு உண்மை ஒரு மனிதரை என்ன பாடு படுத்தும் என்பதை நான் அவருடன் ஒரே அறையில் இருந்து பார்த்தவன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்றில்லை. இந்தப் புத்தகம் என்ன விலை என்று விசாரித்து, வேறு எங்கே குறைவாகக் கிடைக்கும் என்று ஆராயத் தொடங்கிவிடுவார். அதற்குப் பயந்துதான் அண்ணன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அண்ணனுக்கு ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எனக்குக் கீரனூர். ஊரில் இருந்தவரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் அடுக்குமாடி வீடு ஒன்றில் வாடகைக்கு எடுத்த அறையில்தான் சந்தித்தோம். அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் பன்னிரண்டு வருஷம் ஊறியவர். நான் கண்காணிப்பு கேமரா மாட்டும் கம்பெனிக்குப் புதிதாகப் போனவன். மூன்றாவது ஆள் மீமிசல்காரர், சமையலில் கெட்டிக்காரர், அண்ணனைக் கிண்டல் செய்வதில் அதைவிடக் கெட்டிக்காரர்.

வெளிநாடு போகிறவர்கள் எல்லோருக்கும் முதல் இரண்டு வருஷம் ஒரு வியாதி இருக்கும். எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது. ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு, நம் ஊரில் இந்தக் காசுக்குக் குடும்பமே சாப்பிடலாமே என்று திரும்ப வைப்பது. மூன்றாவது வருஷம் அது தானாகப் போய்விடும். போகாவிட்டால் அங்கே உயிர்வாழ முடியாது. அண்ணனுக்கும் பத்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இனி விசா வேண்டாம் என்று மலேசியா சொன்னது பாருங்கள், அத்துடன் போன வியாதி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

முதல் தடவை மூன்று பேரும் சேர்ந்துதான் போனோம். அண்ணன் அன்றைக்கு முடி வெட்டிக்கொண்டார், சவரம் செய்துகொண்டார், வாழையிலையில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார், மூக்குக்கண்ணாடி மாற்றினார். ஒரே நாளில் பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார். ஒவ்வொரு கடையை விட்டு வெளியே வரும்போதும் வாசலில் நின்று உதட்டை அசைத்துக் கணக்குப் போடுவார். மலேசிய ரிங்கிட்டைச் சிங்கப்பூர் வெள்ளியாக்கி, வெள்ளியை ரூபாயாக்கி, கடைசியில் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சில் சந்தோஷமும் இருந்தது, பன்னிரண்டு வருஷமாக ஏமாந்துவிட்டோமே என்ற ஆத்திரமும் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் சிங்கப்பூரில் டீ வாங்கினார். குடிக்க முடியவில்லை.

"பேப்பர் போட்டுறப் போறேன் தம்பி" என்றார். வேலையை விடப்போகிறேன் என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "இதென்ன பொழப்பு? இங்கிட்டு சம்பாரிச்சு இங்கிட்டே குடுத்துட்டுப் போறதுக்கு ஊருல ஆடு மேய்க்கலாம்."

நான் உண்மையிலேயே பயந்துபோனேன். மகன் திருச்சியில் காலேஜ் படித்து முடிக்கப்போகிறான், ஊரில் கட்டும் வீடு பாதியில் நிற்கிறது, இந்த நேரத்தில் மனிதர் வேலையை விடுகிறேன் என்கிறாரே என்று மீமிசல்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "வியாழக்கெழம வரைக்கும் பொறுங்க" என்றார்.

அவர் சொன்னது சரியாக இருந்தது. திங்கள், செவ்வாயில் அண்ணன் கொதிப்பார். புதன்கிழமை முனகல் மட்டும் இருக்கும். வியாழக்கிழமை டீயை வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வேலைக்குப் போவார். மாதம் ஒரு தடவையாவது ஜோகூர் போய்வருவார், போய்வந்த வாரம் முழுக்க இதேதான். நாங்கள் இதற்கு ஜோகூர்க் காய்ச்சல் என்று பேர் வைத்தோம். "அண்ணனுக்கு இன்னைக்கு எத்தன டிகிரி?" என்று மீமிசல்காரர் அடுப்படியில் இருந்து கேட்பார்.

வாங்கிவரும் சாமான்களைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் அறையில் ஒரு கட்டத்தில் பதினான்கு பற்பசை இருந்தன. பல் இருந்ததோ மூன்று பேருக்கு. ஒரு தடவை ஊதா நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிவிட்டார். அன்றைக்குப் பார்த்து சிங்கப்பூர்க் குடிநுழைவில் பாஸ்போர்ட் பார்க்க இரண்டு மணி நேரம் வரிசை. எல்லோரும் கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருக்க, அண்ணன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வரிசை நகர்ந்தால் எழுந்து முக்காலியை நாலு அடி முன்னால் வைத்து மறுபடி உட்காருவார். பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பஞ்சாபிக்காரர் பொறாமை தாங்காமல் அது என்ன விலை என்று கேட்டார். அண்ணன் விலையைச் சொல்லி, அதே முக்காலி சிங்கப்பூரில் என்ன விலை என்றும் சொல்லி, கடைக்கு எப்படிப் போகவேண்டும் என்று கையால் வழியும் காட்டினார். சிங்கப்பூருக்குள் வந்து சேரும்வரை அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஊரில் இருந்து மதினி வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் இவர் சோப்பையும் எண்ணெயையும் கேமராவுக்கு முன்னால் ஏந்திக் காட்டுவார். மதினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "பேசாம நீங்க ஜோகூருலயே பொண்ணு எடுத்திருக்கலாம். பாதி வெலைக்கு முடிஞ்சிருக்கும்." மீமிசல்காரர் சட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி இருந்தது.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். அறையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ரொட்டியும் மாத்திரையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். விலை அவருக்கு வெறும் விலை இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஜோகூரில் முடிவெட்டுகிறவர் இவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே, மழை பேஞ்சுச்சா ஊருல?" என்று கேட்பார். சாப்பாட்டுக் கடையில் ரசத்தைக் கேட்காமலே இரண்டாம் தடவை ஊற்றுவார்கள். சிங்கப்பூரில் கடை வாசலிலேயே ஒரு இயந்திரம் நிற்கும். படத்தைத் தொட்டு, அட்டையைத் தேய்த்து, சீட்டை வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். "மெசின்ட்ட சோறு கேக்குறதுக்கே இம்புட்டுக் காசுன்னா, மனுசன் போட்டா என்ன கேப்பானுங்க?" என்று அண்ணன் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

என் கல்யாணம் நிச்சயமான சமயத்தில்தான் கோட்டு விஷயம் வந்தது. பெண் வீடு திருமயம் பக்கம். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதனால் அதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று அவசரமாக நாள் குறித்தார்கள். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை கோட்டுப் போட்டுத்தான் பீடத்தின் முன்னால் நிற்பான். அந்தக் கோட்டைப் பெண் வீட்டார் எடுத்துத் தருவது பல இடங்களில் வழக்கம். அவர்களும் கேட்டிருக்கிறார்கள். அம்மா மறுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"கோட்டு நாங்க எடுத்துர்றோம்னு சம்பந்தி சொன்னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன். எம் மகன் சிங்கப்பூர்லேருந்து கோட்டோட வந்து எறங்குவான்னு சபையில சொல்லிப்புட்டேன். நீ வந்த அன்னைக்குப் பெட்டி பிரிக்கையில அவங்க வீட்டு ஆளுங்களும் வாராங்க. என் பேச்சக் காப்பாத்திரு சாமி."

பெட்டி பிரிப்பது என்பது சாதாரண விஷயமில்லை. வெளிநாட்டில் இருந்து வந்தவன் பெட்டியைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டுதான் திறப்பார்கள். அதில் கோட்டு இல்லாவிட்டால் அம்மா சம்பந்தி முகத்தில் விழிக்க முடியாது. நான் சிங்கப்பூரில் ஒரு கடைக்குப் போகலாம் என்று புறப்பட்டேன். அண்ணன் கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"கிறுக்குப் புடிச்சுப் போச்சா ஒனக்கு? அங்கிட்டு அளவெடுத்துத் தைக்கிறதே மூணுல ஒரு பங்குதான். என்ட்ட வுடு. கோட்டு ஒன் கைக்கு வர்றது எம் பொறுப்பு."

ஜோகூரில் ஒரு தமிழ்த் தையல்கடைக்குக் கூட்டிப்போனார். தையல்காரர் வயதானவர், நிதானமாக அளவெடுத்தார். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல அண்ணனும் பக்கத்தில் நின்று முணுமுணுத்துக்கொண்டார். கருநீலத் துணி தேர்ந்தெடுத்தோம். நானூற்றைம்பது ரிங்கிட் என்றார். அண்ணன் அரை மணி நேரம் பேசி, முழுப் பணத்தையும் இப்போதே தருவதென்றால் நானூற்று முப்பது என்று முடித்தார். நான் கொடுத்துவிட்டேன். "பூசத்துக்கு முன்னாடி வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லி ரசீதில் என் போன் நம்பரை எழுதிக்கொண்டார் தையல்காரர்.

எனக்குப் புதன்கிழமை காலையில் விமானம். முந்தின நாள் செவ்வாய்க்கிழமை, தைப்பூசம். ஞாயிற்றுக்கிழமையே போய் எடுத்துவந்துவிடலாம் என்று சொன்னேன். அண்ணன் சம்மதிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம பாலத்துல ஈ நொழைய முடியாது. செவ்வாக்கெழம வேல நாளு, காத்தாடும். நான் லீவு போட்டு நிமிசத்துல போயிட்டு வாரேன். ஒனக்கு எதுக்கு அலைச்சல்?"

"அன்னைக்குப் பூசம்ல? கடை இருக்குமாண்ணே?"

"பூசத்துக்கு இங்கிட்டு லீவா? இல்லைல? எல்லாம் வேலைக்குத்தான போறோம்? அங்கிட்டு மட்டும் என்ன?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஊசி முதல் உள்ளாடை வரை விலை தெரிந்த மனிதர் அவர். ஆனால் தைப்பூசத்துக்கு ஜோகூரில் அரசாங்க விடுமுறை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் அறையில் தொங்கியது ஊர்ப் பங்குக் கோயில் காலண்டர். அதில் ஒருசந்தி விரத நாளையும் புனிதர்கள் திருநாளையும் தேடுவோம், பூசத்தை யார் தேடினார்கள்? மீமிசல்காரரும் எங்களைப் போலத்தான்.

செவ்வாய்க்கிழமை, விடுமுறைக்கு முன்னால் எனக்கு வேலையில் கடைசி நாள். எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு மூன்று மணிக்கு அறைக்கு வந்தேன். அண்ணன் வந்திருக்கவில்லை. நிமிஷத்தில் வருகிறேன் என்று விடியக்காலையில் கிளம்பியவர். போன் போட்டால் எடுக்காது, ஜோகூரில் அவர் போனை அணைத்து வைத்துவிடுவார். ரோமிங் காசு கொடுத்துப் பேசுவதற்கு அவர் என்ன பைத்தியமா? நான்கு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. பெட்டியைத் திறந்துவைத்து, கோட்டுக்கென்று மேலே விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் அம்மா கூப்பிட்டு, "கோட்டு வந்துருச்சா?" என்றார். வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். எனக்காக இல்லை, அம்மாவை நினைத்துத்தான் அப்படிக் கலக்கமாக இருந்தது.

ஏழரை மணிக்கு அண்ணன் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பெயர் எதுவும் போடாத ஒரு பிளாஸ்டிக் கவர்.

"இந்தா புடி, ஓங் கோட்டு."

எனக்கு உயிர் வந்தது. அவசரமாகப் போட்டுப் பார்த்தேன். தோள் கொஞ்சம் அகலமாக இருந்தது.

"டெய்லரு தாராளமா வெச்சுட்டாரு. கல்யாணத்துக்கப்புறம் ஒனக்கு ஒடம்பு போடும்ல" என்றார்.

"நெறம் கறுப்பு மாதிரி இருக்கேண்ணே?"

"டியூப்லைட்டுல அப்பிடித்தான் தெரியும். சர்ச்சுல நீலமா இருக்கும் பாரு."

பேண்ட்டின் அடியை உள்ளே மடித்துக் கையால் தைத்திருந்தது. மெஷின் தையல் இல்லையே என்றேன். பூசக் கூட்டத்தில் அவசரமாகக் கையிலேயே தைத்துக் கொடுத்துவிட்டார் என்றார். கடையின் பெயர் போட்ட உறை எங்கே என்று கேட்டதற்கு, அதற்குத் தனிக் காசு கேட்டதாகவும் வேண்டாம் என்று வந்துவிட்டதாகவும் சொன்னார். இது ஒன்று போதாதா? நான் முழுதாக நம்பிவிட்டேன். மீமிசல்காரர் டீ போட்டுக் கொடுத்தார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜோகூர் போய்விட்டு வந்து ஒரு விலைகூடச் சொல்லாமல் அவர் படுத்தது அன்றைக்குத்தான். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் பெட்டி பிரித்தோம். சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். என் மாமனார் கோட்டை மடியில் வைத்துத் தடவிப் பார்த்து, "சிங்கப்பூர்த் துணின்னா துணிதான்யா" என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. எல்லோரும் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜோகூருல தச்சதுன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிப்புடாத" என்றார். கல்யாணம் நன்றாக நடந்தது. கோட்டு சர்ச்சிலும் கறுப்பாகத்தான் இருந்தது.

விடுமுறை முடிந்து திரும்பி அறைக்குள் நுழைந்தபோது அண்ணனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. முடி காதை மூடிப் பிடரியில் சுருண்டு கிடந்தது. சிங்கப்பூரில் அவர் முடி வெட்டமாட்டார் என்பது தெரிந்த கதை. "ஜோகூர் போகலையாண்ணே?" என்று கேட்டேன். முழங்கால் வலி என்றார். லிஃப்ட் வேலைக்கு நாள் முழுக்க மாடி ஏறி இறங்குகிறவருக்கு ஜோகூர் போகமட்டும் கால் வலிக்கிறது என்றால் விசித்திரமாகத்தான் இருந்தது. என் கல்யாணப் படங்களை வாங்கி, தன்னுடன் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "பாருங்க, கோட்டு எப்பிடி இருக்கு? ஜோகூருல தச்சது. மூணுல ஒரு பங்குதான்."

அந்த வாரக் கடைசியில் ஒரு மலேசிய எண்ணில் இருந்து எனக்குப் போன் வந்தது.

"தம்பி, டெய்லர் பேசுறேன். என்னா லா இது, பூசம் முடிஞ்சு ஒரு மாசம் ஆகப்போவுது, உங்க கோட்டு இங்கயே தொங்குது? கல்யாணம் எதும் தள்ளிப்போச்சா?"

பூசத்தன்று கடை திறந்திருந்ததா என்று கேட்டேன். குடும்பத்தோடு பால்குடம் எடுக்கப் போய்விட்டதாகவும், கதவில் எழுதி ஒட்டியிருந்ததாகவும் சொன்னார். அதனால்தானே பூசத்துக்கு முன்னாடி வரச் சொன்னேன் என்றும் வருத்தப்பட்டுக்கொண்டார்.

மீமிசல்காரரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். கொஞ்சம் மழுப்பிவிட்டு ஒத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் வேலை விட்டு வரும்போது, எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்து பேண்ட் தைத்துக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் கோட்டுக் கடையின் பெரிய பை. பாலத்தில் நாலு மணி நேரம் நின்று திரும்பி, சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸில் இறங்கி, நேரே அங்குள்ள ஒரு கோட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். தையல்காரர் சொன்ன அளவையெல்லாம் மனதில் வைத்திருந்து அதற்குப் பக்கமாக ஒன்றைப் பொறுக்கியிருக்கிறார். பேண்ட்டை வெட்டித் தைத்துத் தர மூன்று நாள் ஆகும் என்றிருக்கிறார்கள். ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அந்தப் பையையும் வெலச் சீட்டையும் குப்பையில போட்டுட்டுத்தான் மேல வந்தாரு" என்றார் மீமிசல்காரர். "வெல என்னன்னு கேட்டேன். சொல்லலிங்க. வெலய சொல்லாம அவர் இருந்தது எனக்கே பயமாப் போச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் ஜோகூர் போய்க் கோட்டை வாங்கிவந்தேன். கடையிலேயே போட்டுப் பார்த்தேன். அளவு அச்சாக இருந்தது. அசல் கருநீலம். அங்கேயே கண்ணாடி முன்னால் நின்று சிரித்துவிட்டேன், கண்ணும் நிறைந்துவிட்டது. அம்மா சபையில் சொன்ன வார்த்தை அப்படியே பலித்துவிட்டிருக்கிறது, நான் சிங்கப்பூர்க் கோட்டில்தான் கல்யாணம் செய்திருக்கிறேன். அண்ணனிடம் எதையும் சொல்லவில்லை. முழு விலைக்கு வாங்கிவிட்டுப் பாதி விலை என்று ஊரெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டு திரிகிற மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது? மூன்றாவது மாதம் அவர் கால் வலி குணமாகி ஜோகூர் போனார். முடி வெட்டிக்கொண்டு வந்து, திங்கட்கிழமை பேப்பர் போடப்போவதாகச் சொன்னார். எங்களுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

உண்மையிலேயே அவர் பேப்பர் போட்டது போன வருஷம், ஒரு வியாழக்கிழமை. வீடு கட்டி முடிந்துவிட்டது, மகனும் வேலைக்குப் போய்விட்டான் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். அதற்கு முன்பே நானும் திரும்பி, இப்போது கீரனூரில் இருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன். அண்ணனை அடிக்கடி கீரனூர்ச் சந்தையில் பார்ப்பேன். கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "இதே காயி விராலிமலையில என்ன வெல தெரியுமா?" என்று யாரிடமாவது கேட்டுக்கொண்டிருப்பார். காய்ச்சல் குறையவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தார். கையில் மகன் கல்யாணப் பத்திரிகை. இந்தத் தவக்காலத்துக்கு முன்பு கல்யாணம். உட்கார்ந்த உடனே தொடங்கிவிட்டார்.

"திருச்சியில கோட்டு வெல கேட்டியா தம்பி? நெஞ்சு அடைக்குது. பொண்ணு வீட்டுல எடுத்துத் தாரோம்னாங்க, அவுக பாவம், வேணாம்னுட்டேன். வாடகைக்கு எடுத்துக்கடான்னா மகன் மொறைக்கிறான். இப்ப மட்டும் நான் சிங்கப்பூர்ல இருந்திருந்தா, ஒரு எட்டு ஜோகூர் போயி..."

என் மனைவிக்கு முழுக் கதையும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். உள்ளே போய் பீரோவில் இருந்து கோட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அண்ணன் மகன் அந்தக் காலத்து என்னைப் போலவே நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். எனக்கு இப்போது அது பொத்தான் போட எட்டாது.

"ஒரு நாளும் போடாத கோட்டுண்ணே. தம்பிக்குச் சரியா இருக்கும்" என்றேன்.

அண்ணன் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். துணியைத் தேய்த்துப் பார்த்தார். காலரைத் திருப்பினார். உள்ளே தையல்கடையின் பெயர், அதற்குக் கீழே ஜோகூர் பாரு. பிறகு பேண்ட்டை எடுத்து அடியைத் திருப்பி, மெஷின் தையல்மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"எப்ப தம்பி எடுத்த?"

"கல்யாணம் முடிஞ்சு வந்த மாசமே. டெய்லரே போன் பண்ணினாருண்ணே."

"அப்ப அம்புட்டு நாளும் ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ணே."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கோட்டை மடியில் போட்டு, சுருக்கம் எதுவும் இல்லாத இடத்தில் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதுவும் ஜோகூர்க் கண்ணாடிதான். எனக்கு எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"இத எம்புட்டுக்குப் பேசுனோம்?"

"நானூத்தி முப்பது ரிங்கிட். நீங்கதான் இருபது கொறைச்சீங்க."

அவர் உதடு அசையத் தொடங்கியது. ரிங்கிட் வெள்ளியானது, வெள்ளி ரூபாயானது. விரல் மடக்கி ஒருமுறை சரிபார்த்தார்.

"பாத்தியா தம்பி, நான் அன்னைக்கு உட்லண்ட்ஸ்ல அழுத காசுல மூணுல ஒரு பங்குகூட வரல!"

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த என் மனைவி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அண்ணன் கோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"சிரிக்காத. எனக்கு இன்னும் வயிறு எரியுது" என்றார்.